ஐஸ் கம்பெனிப் பாட்டை யார் பாடலாம்

ஜூன் 3, திங்கள்

வடபழனியில் அந்த அலுவலகத்துக்குள் காலை வைத்ததும் மல்லிகை ஸ்பிரேயும் யாரோ பாதி தின்று மூடாமல் வைத்த பிரியாணியும் கலந்த வாடை. ஏ.சி. அறை, ஜன்னல் கிடையாது. மத்தியானம் முழுக்க அதையே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளித்த பிறகும் மூக்கைவிட்டுப் போகவில்லை.

ஒரு டிவி சேனலில் தமிழ் ராப் போட்டி நடத்துகிறார்கள். கடைசிச் சுற்றில் சொந்தப் பாட்டு பாடக் கூடாதாம். ‘ஸ்டாண்டர்டு’ பாட்டு ஒன்றைத்தான் பாட வேண்டுமாம். எதெல்லாம் ஸ்டாண்டர்டு என்று பத்துப் பாட்டைப் பொறுக்கித் தர என்னையும் மோசஸையும் கூப்பிட்டிருந்தார்கள். போட்டிக்கு நடுவர்களும் நாங்கள்தான். காசிமேட்டில் ஒரு காலத்தில் நாங்கள் நடத்திய குழுவில் பீட் போட்டவன் மோசஸ். எழுதிப் பாடியவள் நான். அவன் இப்போது சினிமாவில் இருக்கிறான். நான் இந்தி சீரியல்களில் கெட்ட மாமியார்களுக்குக் குரல் கொடுக்கிறேன்.

நிகழ்ச்சியின் டைரக்டர் பெயர் கிரிதரன். எதைச் சொன்னாலும் ‘சூப்பர்’ என்கிறவர்.

“ஸ்டாண்டர்டுன்னா சிம்பிள் மேடம். பாடறவன் பாதி லைன் சொல்லிட்டு மைக்கை நீட்டுறான். கூட்டம் மீதி லைனைச் சொல்லணும். அவ்ளோதான்.”

“அப்ப சோப்பு விளம்பரமும் ஸ்டாண்டர்டுதான்” என்றேன்.

மோசஸ் தொண்டையைச் செருமினான். “சார், சினிமாப் பாட்ட யார் வேணா பாடலாம். கல்யாண மண்டபத்துல பாடறவன நீ எழுதினியான்னு எவனும் கேக்க மாட்டான். ராப்பு அப்டி கெடையாது. அடுத்தவன் வரிய எடுத்து வாயில போட்டுக்கினா அவன் திருடன். அதனால எங்களுக்கு ஸ்டாண்டர்டுன்னா பீட்டு. அது ஓட ஆரம்பிச்சா ரூம்ல கீற அத்தினி பேரும் அவனவன் வரிய எடுத்துக்கினு உள்ள எறங்கணும்.”

“நீங்க என்ன மேடம் சொல்றீங்க?”

“அடுத்தவன் தொடப் பயப்படற பாட்டு. அதான் ஸ்டாண்டர்டு.”

மூன்றையும் மூன்று கலரில் போர்டில் எழுதிவிட்டு, “சூப்பர், இதை அப்படியே ப்ரோமோல போட்ரலாம்” என்றார். நாங்கள் சண்டை போட்டது அவருக்கு வெறும் ப்ரோமோ.

ஒன்பது பாட்டு வரை ஒரு மாதிரியாக ஓடியது. பத்தாவதுக்கு மோசஸ் என் முகத்தைப் பார்க்காமல், “ஐஸ் கம்பெனி” என்றான்.

முடியாது என்றேன்.

“மேடம், அது உங்க பாட்டாச்சே.”

“அதனாலதான்.”

வீட்டுக்கு வந்தால் கீழே சாக்கடை பொங்கி முதல் படி வரைக்கும் நிற்கிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதில் இறங்கித்தான் மேலே வந்தேன். அம்மா கேட்டாள், “மீட்டிங் இன்னா ஆச்சு?” ஒன்றுமில்லை என்றேன்.

ஜூன் 4, செவ்வாய்

டப்பிங். மருமகளுக்குப் பாலில் விஷம் கலக்கும் காட்சி. தொண்டை கட்டிவிட்டது. சாக்கடை வண்டி வரவில்லை.

ஜூன் 7, வெள்ளி

மோசஸ் டப்பிங் ஸ்டுடியோ வாசலுக்கே வந்துவிட்டான். எதிர்க் கடையில் டீ வாங்கிக் கொடுத்து போனை நீட்டினான்.

“நீ வேணாம்னா மட்டும் நின்னுடுமா ஜெசி? எல்லாரும் பாடிக்கினுதான் இருக்கறாங்க. பாரு.”

பார்த்தேன். ஒருவன் ஜிம்மில் தண்டால் எடுக்கிறான், பின்னால் என் குரல். ஒரு காலேஜ் பெண் அந்த வரிகளை உதட்டைச் சுழித்துச் சுழித்துச் சொல்லிக் கண்ணடிக்கிறாள். அடுத்தது பியூட்டி பார்லர். ‘ஆலைக்காரன் மூடுன கதவு அழுதா தெறக்குமா’ என்று நான் கத்துகிறேன், கதவு திறக்கிறது, கல்யாணப் பெண் மேக்கப்போடு ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறாள். லட்சக்கணக்கான பேர் அதற்கு இதயம் போட்டிருக்கிறார்கள்.

போனை அவன் கையில் திருப்பித் திணித்தேன். கடைக்குப் பின்னால் போய் நின்றேன்.

யாருக்கும் காட்டப் போவதில்லை, அதனால் இங்கே எழுதிவிடலாம். ஐஸ் கம்பெனியில் அமோனியா கசிந்தபோது என் தம்பி உள்ளே இருந்தான். இருபத்திரண்டு வயது. கதவு வெளியில் தாழ் போட்டிருந்தது. ஐஸ் கட்டி திருட்டுப் போகிறது என்று ஷிப்ட் நடக்கும்போதே தாழ் போட்டுவிடுவார்களாம். வால்வை அவனே திறந்துவிட்டான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. அப்படியே கேஸ் முடிந்தது. நான் அந்தப் பாட்டை எழுதினேன். ஐஸ் உடைக்கிற மிஷின் சத்தத்தை ரெக்கார்டு செய்து மோசஸ் பீட் போட்டான். எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பாடினோம். பிறகு ஒரு காலேஜ் விழாவில் தம்பி பேரை நான் சொன்ன இடத்தில் கூட்டம் விசில் அடித்தது. அந்தப் பேர் எப்போது வரும் என்று காத்திருந்து அடித்தார்கள். அன்றோடு மேடை ஏறுவதை விட்டுவிட்டேன்.

மோசஸிடம் இதையெல்லாம் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு அவனும் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

“டிவியில வந்தாலாவது யார் பாட்டுன்னு தெரியும்” என்றான்.

“தெரிஞ்சி?”

அவன் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஜூன் 9, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். அம்மாவுக்கு முட்டி வீங்கியிருக்கிறது, படியில் என் தோளைப் பிடித்தபடி ஏறினாள். சாயங்காலம் முழுக்க காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பால்கனியில் இருந்தாள். ஜெபம் கேட்கிறாளாக்கும். போட்டி விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. கேட்டால் மனசு உடைந்துபோவாள்.

ஜூன் 12, புதன்

கிரிதரனிடமிருந்து மெயில். நான் சம்மதித்துவிட்ட மாதிரியே எழுதியிருக்கிறார். மோசஸ் கையெழுத்துப் போட்டுவிட்டானாம், என் கையெழுத்து மட்டும்தான் பாக்கியாம். கூடவே பாட்டில் ஒரு சின்னத் திருத்தம். ‘ஆரோக்கியம்னு பேரு வச்சா ஆயுசு வருமா’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘நண்பா உனக்குப் போன ஆயுசு திரும்பி வருமா’ என்று போட்டிருக்கிறார்.

போன் செய்தேன்.

“யூனிவர்சலா இருக்கணும் மேடம். ஸ்டாண்டர்டுன்னா யார் பாடினாலும் அவங்க பாட்டா இருக்கணும் இல்லையா? ஒரு தனி ஆள் பேர் வந்தா கனெக்ட் ஆகாது. அதுவும் கொஞ்சம் பழைய காலத்துப் பேர்.”

பழைய காலத்துப் பேர். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு தம்பிக்கு அம்மா வைத்த பேர்.

போனை வைத்துவிட்டு வாஷ்பேசினில் துப்பினேன். வெறும் எச்சில்தான், ஆனாலும் துப்ப வேண்டும் போலிருந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று பதில் அனுப்பினேன்.

ஜூன் 15, சனி

இன்றைக்கு நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது வாசலில் பெல். திறந்தால் ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, காதில் கடுக்கன். பின்னால் கேமராவோடு ஒரு ஆள். இருவருமே கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். சாக்கடை வாடை.

“ஹாய் மேம். நான் ரித்விக். ஃபைனலிஸ்ட். உங்க பாட்டைத்தான் சூஸ் பண்ணியிருக்கேன்.”

“அந்தப் பாட்டுக்கு நான் பர்மிஷன் குடுக்கல.”

“கிரி சார் பேசிட்டிருக்கேன்னார் மேம். அதுக்குள்ள நான் அந்த வலியை ஃபீல் பண்ணணும்னு வந்தேன். இந்த வீட்டு எனர்ஜி வேணும் எனக்கு.”

கை முழுக்கச் செதில். கதவைச் சாத்தலாம் என்று முழங்கையால் தள்ளினேன். அதற்குள் அம்மா உள்ளேயிருந்து, “யார்மே? வெயில்ல நிக்க வெக்காத, உள்ள கூப்டு” என்றாள்.

வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். கேமராக்காரன் சுவரில் இருந்த போட்டோவை எடுக்க ஆரம்பித்தான். எந்தப் பாட்டு, எந்தப் போட்டி என்று அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். நான் பத்து நாளாக மறைத்ததை அஞ்சு நிமிஷத்தில் கொட்டினான்.

பிறகு முன்னால் குனிந்து, குரலைத் தணித்துக்கொண்டான். “ஆன்ட்டி, ஆரோக்கியம் அண்ணாவை வீட்டுக்குக் கொண்டாந்தப்ப அவர் முகம் எப்படி இருந்துச்சு?”

கேமரா அம்மா பக்கம் திரும்பியது. டப்பிங்கில் எத்தனையோ கேடுகெட்ட பிறவிகளுக்குக் குரல் கொடுத்திருக்கிறேன். இப்படிக் கேட்க எந்தக் கதாசிரியனுக்கும் கை வந்ததில்லை.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “சாப்ட்டியாப்பா?” என்றாள்.

“இல்ல ஆன்ட்டி, நான் இண்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங்.”

“டீயாவது குடி.”

டீ குடித்தான். போகும்போது இன்னொன்று கேட்டான். “அவர் போட்டிருந்த சட்டை ஏதாவது இருந்தா குடுப்பீங்களா? ஸ்டேஜ்ல போட்டுக்கறேன். பத்திரமா திருப்பித் தந்துடுவேன்.”

“இல்லப்பா. எல்லாத்தையும் குடுத்துட்டோம்.”

பீரோவில் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று இருக்கிறது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவர்கள் படியிறங்கியதும் நான் கத்தினேன். எதற்கு உள்ளே விட்டாய், எதற்கு டீ கொடுத்தாய், அவன் முகத்தில் மீன் தண்ணியைக் கொட்டியிருக்க வேண்டும் என்று என்னென்னவோ. அந்தப் பாட்டை யாரும் பாடாதபடி செய்துவிட்டுத்தான் மறுவேலை என்றேன்.

அம்மா தன் போனை எடுத்து வாய்க்கு அருகில் வைத்து, “ஆரோக்கியம், ஐஸ் கம்பெனி பாட்டு” என்று நிதானமாகச் சொன்னாள். திரையில் வரிசையாக வந்தார்கள். தண்டால்காரன், காலேஜ் பெண், மேக்கப் கல்யாணப் பெண், எனக்குத் தெரியாத இன்னும் எத்தனையோ பேர்.

“அவன் பேரச் சொன்னா இத்தினி பேரும் வராங்க. டெய்லியும் கேக்கறேன்” என்றாள்.

“ம்மா, அந்த மேக்கப்காரி…”

“அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருந்துச்சு.”

“இன்னாத்துக்குப் பாடறாங்கன்னே தெரியாம பாடறாங்கம்மா.”

“தெரியாமயே பாடட்டும். நீ அவன் பேரச் சொல்லி எத்தினி வருஷம் ஆவுது? ‘அவன்’, ‘அவன்’. தெருவுல சுத்தற நாய்க்குக்கூட ஒரு பேர் வெச்சிக் கூப்பிடறோம்.”

“அப்ப சட்டைய ஏன் குடுக்கல?”

“சட்ட ஒண்ணுதான் கீது. பேரு அப்டியா? எத்தினி பேர் எடுத்துக்கினாலும் தீராது.”

அடுப்பில் பால் பொங்கிவிட்டது. போய்த் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

நேற்றைய மீன் கெட்டுவிட்டது. கொட்டினேன். அம்மா பால்கனியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஜூன் 19, புதன்

வடபழனிக்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மா கேட்டது ஒன்றுதான், பேர் இருக்க வேண்டும். அதனால் நிபந்தனையாகவே எழுதச் சொன்னேன். பாட்டில் இருக்கும் பேரை யாரும் மாற்றக் கூடாது. மாற்றினால் அந்த ஆள் போட்டியிலிருந்து வெளியே.

கிரிதரன் உடனே ஒப்புக்கொண்டார். “சூப்பர் மேடம். யோசிச்சுப் பாத்தேன், அந்தப் பேர்தான் ஹூக்கே, கூட்டத்தைப் புடிச்சு இழுக்கறதே அதான். ரித்விக் உங்க வீட்ல எடுத்த ஃபுட்டேஜ் பார்த்து எங்க எடிட்டரே அழுதுட்டார். அம்மாவையும் ஃபைனலுக்குக் கூட்டிட்டு வாங்க, முன் வரிசையில சீட் போட்டுடறேன்.”

போன வாரம் பழைய காலத்துப் பேர், இந்த வாரம் ஹூக். வெளியே வந்து வெறும் வயிற்றில் சோடா குடித்தேன். ஏப்பம்தான் வந்தது.

ஜூன் 24, திங்கள்

ஒத்திகை. கடைசிச் சுற்றுக்கு நான்கு பேர். அதில் இருவர் ஐஸ் கம்பெனியை எடுத்திருக்கிறார்கள். ரித்விக் ஒருவன். இன்னொருத்தி முனீஸ்வரி, சாத்தூர்ப் பக்கம். மதுரையில் கூரியர் ஆபீசில் வேலை. ஒல்லியான பெண். ஒத்திகையில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள், ஒரு வார்த்தைகூட வெளியே கேட்கவில்லை. கிரிதரனுக்கு எரிச்சல். ரித்விக் ஒவ்வொரு முறையும் சரியாக ஒரே இடத்தில் குரல் உடைந்தான். நான் அந்தத் தொழிலில் இருப்பவள், எங்கே மூச்சை இழுத்து உடைக்கிறான் என்று எனக்குத் தெரிகிறது.

கிளம்பும்போது அந்தப் பெண் லிஃப்ட் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா? மூடுன கதவுன்னு வருதுல்ல. நெசத்துலயே மூடித்தான் இருந்துச்சா?”

“வெளியில தாழ் போட்டிருந்தாங்க.”

“எங்க பக்கமும் அப்பிடித்தான்க்கா போடுவாக” என்றாள்.

லிஃப்ட் வந்தது. நான் வேறு எதுவும் கேட்கவில்லை, ஏறிவிட்டேன்.

ஜூன் 29, சனி

பூந்தமல்லியைத் தாண்டி ஒரு பெரிய ஷெட்டில் ஷூட்டிங். மத்தியான வெயிலில் தகரம் காய்ந்து, உள்ளே வேர்வையும் பவுடரும் நாறின. அம்மா முன் வரிசையில். அவள் முகத்தை மட்டுமே எடுக்க ஒரு கேமரா. கண்ணீர் வரும் என்று காத்திருந்தார்கள்.

ரித்விக் முதலில் வந்தான். கிழித்து அழுக்காக்கின ஒரு நீலச் சட்டை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பாட்டு ஆரம்பித்ததும் மேடையின் இரண்டு பக்கத்திலிருந்தும் வெள்ளைப் புகையைத் திறந்துவிட்டார்கள். அமோனியாவாம். புகை இறங்கி முன் வரிசைக்கு வந்தது. அம்மா இருமினாள். முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். கேமராக்காரன் அதைக் கிட்டத்தில் போய் எடுத்தான். என் நாற்காலியின் கைப்பிடியை நான் நகத்தால் கீறியிருக்கிறேன், பிறகுதான் பார்த்தேன்.

ஒரு எழுத்து மாறாமல் பாடினான். ‘ஆரோக்கியம்னு’ என்று சொல்லிவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். கூட்டம் மீதியைச் சொன்னது. விசில். அவன் முழங்காலில் விழுந்தான், குரல் உடைந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. கிரிதரன் கேமராவுக்குப் பின்னால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அடுத்து முனீஸ்வரி. வந்ததும், “அண்ணே, அந்தப் புகைய அமத்திருங்க” என்றாள். முதல் முறையாக அவள் குரல் எல்லாருக்கும் கேட்டது. புகை அடங்கும்வரை கையைக் கட்டியபடி நின்றாள். பிறகு மோசஸின் பீட், அந்த ஐஸ் மிஷின் சத்தம். முதல் நான்கு வரி என்னுடையது, அப்படியே. பிறகு அந்த இடம்.

‘பாக்கியம்னு பேரு வச்சா பாக்கியம் வருமா
பட்டாசு ரூமுக் கதவு அழுதா தெறக்குமா
மத்தியானச் சோறு மட்டும் தூக்குவாளியில
மத்ததெல்லாம் பொறுக்குனோம் சாக்குப்பையில’

அதற்குமேல் என் வரி ஒன்றுகூட இல்லை. எல்லாம் அவளுடையது. அழவில்லை, முழங்காலில் விழவில்லை, மைக்கை யாரிடமும் நீட்டவில்லை. முடித்ததும் ஒருவனும் விசில் அடிக்கவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைக்கப் போவதில்லை. என் தம்பியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வேறு யாரையோ உள்ளே உட்கார வைத்திருக்கிறாள். பேருக்காகத்தான் நான் இந்தக் குப்பைக்குள்ளேயே இறங்கினேன்.

இடைவேளை விட்டார்கள். கிரிதரன் ஓடி வந்தார். “மேடம், அவங்க பேரை மாத்திட்டாங்க. உங்க கண்டிஷன்படி அவுட். நீங்களே ஆன் கேமரா சொல்லிடுங்க. செம மொமன்ட்டா வரும்.”

மோசஸைப் பார்த்தேன். “பாட்டு உன்னுது. நீ சொல்லு” என்றான். அவன் கண் சிவந்திருந்தது.

அம்மா முன் வரிசையிலிருந்து கையாட்டிக் கூப்பிட்டாள். போய்க் குனிந்தேன். பேர் போய்விட்டதே என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“யார்மே அந்தப் பாக்கியம்?”

“தெரியலம்மா.”

“போய்க் கேட்டுக்கினு வா. தெரியாம மார்க்கு போடாத.”

முனீஸ்வரி மேடைக்குப் பின்னால் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“பாக்கியம் யாரு?”

“எங்கம்மாக்கா.”

“பேர மாத்தினா வெளிய போகணும்னு தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“பின்ன ஏன்?”

“உங்க தம்பி பேரச் சொல்லிப் பாத்தேன்க்கா, ரூம்ல. வாயில வரவே மாட்டேங்குது. நான் அவுகளப் பாத்தது கெடையாது. களவாண்ட மாதிரி இருக்கு. ஆனா அந்த வரி எங்கம்மாவுக்கும் எழுதுனதுதான்னு தோணுச்சு. பாடிட்டுப் போயிருவோம், வெளிய அனுப்புனா அனுப்பட்டும்னு நெனச்சேன்.”

தண்ணீர் பாட்டிலை மூடாமல் கையிலேயே பிடித்திருந்தாள். நான் வாங்கி மூடிக் கொடுத்தேன்.

திரும்பிப் போய் மைக்கை எடுத்தேன். “கண்டிஷன் என்னுது. இந்தப் பொண்ணுக்காக நானே அத எடுத்துடறேன். இவ திருடல” என்றேன். ரித்விக்கிடம், “நீங்க ஒரு வரிகூட மாத்தல. உங்ககிட்ட அந்த வரியில வெக்க எதுவும் இல்ல. இல்லாம இருக்கறது நல்லதுதான் தம்பி, யாரையும் பறிகொடுக்கல நீங்க. ஆனா அழுதிருக்க வேணாம்” என்றேன்.

முனீஸ்வரிக்கு முழு மதிப்பெண் போட்டேன். மோசஸும் போட்டான். கூட்டத்தின் ஓட்டையும் சேர்த்து எண்ணினால் ஜெயித்தது ரித்விக். பளபளவென்று காகிதம் பறந்தது. “செம டிராமா மேடம், எபிசோடு பிச்சிக்கும்” என்று கிரிதரன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஈரமான கை. வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுக் கழுவினேன்.

ஜூன் 30, ஞாயிறு

முனீஸ்வரிக்கு ராத்திரிதான் ரயில். அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சொன்னாள். வந்தாள். வஞ்சிரம் வாங்கியிருந்தேன். அந்தப் பெண் முள்ளெடுக்கத் தெரியாமல் திண்டாட, அம்மாவே எடுத்துப் போட்டாள். பாக்கியத்துக்கு என்ன பிடிக்கும், எத்தனை பிள்ளைகள், பொட்டு பெரிதாக வைப்பாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எப்படிச் செத்தாள் என்று மட்டும் கேட்கவில்லை. அந்தப் பெண் பதில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், அப்புறம் கையை நக்கிக்கொண்டே அழுதாள். அம்மா அவள் தட்டில் இன்னொரு துண்டு போட்டாள்.

நான் பரிமாறினேன்.

ஜூலை 7, ஞாயிறு

இன்று ஒளிபரப்பினார்கள். முனீஸ்வரி பாடியதில் இரண்டே வரி, அதன் மேலேயே ஒரு தலைமுடித் தைல விளம்பரம் ஓடியது. சாக்குப்பை வரி கிடையாது. நான் மைக்கில் பேசியதில் ‘நீங்க ஒரு வரிகூட மாத்தல’ என்பதை மட்டும் வெட்டி எடுத்து, ரித்விக்கைப் பாராட்டுகிற மாதிரி ஒட்டியிருக்கிறார்கள். என் முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. எங்கேயிருந்து எடுத்தார்களோ. அம்மா புகையில் இருமி முந்தானையால் மூக்கைப் பொத்தியதை, மெதுவாக ஓடவிட்டு, வயலின் வாசித்து, அழுகையாக்கிவிட்டார்கள்.

“நான் எங்க அழுதேன்?” என்றாள் அம்மா.

ரிமோட்டை எடுத்து அணைத்தாள். நான் கிரிதரனைத் திட்டினேன், மோசஸைத் திட்டினேன், இந்த ஊரில் ராப் என்று வாயைத் திறக்கிற ஒவ்வொருத்தனையும் திட்டினேன். மோசஸே போன் செய்தான். அவனும் திட்டினான். முழுப் பாட்டையும் முனீஸ்வரி பெயரிலேயே நாங்களே வெளியிடலாம் என்றான். சரி என்றேன். சொன்னபோதும் வாயில் கசப்புதான்.

அம்மா மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபம் சொல்வது வழக்கம். அவள் ஒவ்வொரு பேராகச் சொல்வாள், நான் பதில் ஜெபம் சொல்வேன். அப்பா பேரைச் சொன்னாள். பெரியம்மா பேரைச் சொன்னாள். பிறகு, “சாத்தூர் பாக்கியம்” என்றாள். அவள் இந்துவாயிற்றே என்று நான் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். பதிலைச் சொன்னேன்.

அடுத்த பேரை அம்மா சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கூப்பியபடி காத்திருந்தாள். மெழுகு சொட்டியது. கீழ் வீட்டில் அதே நிகழ்ச்சி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, கைதட்டல் மாடி வரைக்கும் வந்தது.

“ஆரோக்கியம்” என்றேன்.

அம்மா பதில் சொன்னாள்.